கதை அட்டைப் பெட்டி: அட்டையைக் கவிழ்த்தால்தான் கதை வரும்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பள்ளிப் பொருள் விற்கும் ஸ்டேஷனரி கடைகளில், பிள்ளைகளைக் கதை சொல்லப் பழக்குவதற்கென்று தொங்கும் கதை அட்டைப் பெட்டிகளில் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. உள்ளே 10 கதைகள், கதைக்கு 6 பட அட்டைகள், ஆக 60 அட்டைகள் இருக்கின்றன. ‘முதலில்’, ‘பிறகு’, ‘இறுதியாக’ என்று அச்சிட்ட இணைப்புச் சொல் அட்டைகள் 8, துணியில் தைத்த விரல் பொம்மைகள் 10, ஆசிரியருக்கு 24 பக்கக் கையேடு ஒன்று. விலை கடைக்குக் கடை மாறும். 650 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்று மேலே போட்டிருக்கிறது.

படங்களுக்காக வாங்கலாம். கையேட்டுக்காக என்றால் காசு வீண்.

முதல் கோளாறு அச்சிலேயே இருக்கிறது. ஒவ்வொரு அட்டையின் முன்பக்க மூலையிலும் 1, 2, 3 என்று வரிசை எண். கலைத்துப் போட்டு “கதைப்படி அடுக்குங்க” என்றால் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதே இல்லை, எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டு அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஆசிரியர் கதை புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பிள்ளைக்குத் தெரிந்ததோ ஆறு வரை எண்ணத்தான். முதல் வேலையாக எண்களின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். 60 அட்டைக்கு அரை மணி நேரம் ஆகும். இதைச் செய்யாமல் பெட்டியை வகுப்புக்குள் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது, அளவும் பளபளப்பும். அட்டை ஏ-5 அளவு, ஒரு நோட்டுப் பக்கத்தில் பாதிதான். மேலே பளபள லேமினேஷன் வேறு. சன்னல் ஓரமாகப் பிடித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சம்தான் தெரியும், காக்கா தெரியாது. ஆசிரியர் சன்னலைப் பார்த்து நிற்காமல் சன்னலைப் பக்கவாட்டில் விட்டு நிற்க வேண்டும். அட்டையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு வரிசை அரைவட்டமாகத் தரையில் உட்காரட்டும். 20 பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பவர்கள் அட்டையை விட்டுவிட்டு முன்னால் இருப்பவரின் பின்னலைப் பிடித்து இழுப்பார்கள்.

இதெல்லாம் சரிசெய்துவிடக் கூடியவை. பெரிய சிக்கல் பெட்டியைப் பயன்படுத்தச் சொல்லும் முறையில் இருக்கிறது. கையேட்டின்படி, பிள்ளை ஒவ்வொரு அட்டையாகக் கையில் எடுத்துக் காட்டி அதன் கதையைச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் கிடைப்பது இதுதான்: “இது காக்கா. இது பானை. இது கல்லு. காக்கா தண்ணி குடிக்குது.” கவனியுங்கள், ‘குடிச்சுச்சு’ இல்லை, ‘குடிக்குது’. அட்டை கண்முன்னே இருக்கும்வரை குழந்தை கதை சொல்லாது, படத்தைச் சொல்லும். எதிரே இருப்பவருக்கும் அந்தப் படம் தெரிகிறதே, பிறகு எதற்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது குழந்தையின் நியாயம். நியாயம் சரிதான்.

அதனால் அட்டையை வரிசையாகத் தரையில் வைத்து, பிள்ளை ஒருமுறை பார்த்ததும் ஆறையும் கவிழ்த்துவிடுங்கள். கவிழ்ந்த அட்டையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக நகர்ந்து சொல்லச் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு அட்டையைத் திருப்பிச் சரிபார்க்கலாம், அதற்கு முன் கூடாது. இந்த ஒரே மாற்றத்தில் “இது… இது…” குறைந்து “ஒரு ஊர்ல ஒரு காக்கா இருந்துச்சாம்” வரத் தொடங்கும். அந்த ‘ஆம்’ வந்துவிட்டால் பிள்ளை கதை சொல்லும் குரலுக்குள் நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தடுமாறும் பிள்ளைக்கு ஆறில் இரண்டை மட்டும், பிரச்சினை வருகிற அட்டையையும் முடிவு அட்டையையும், திறந்து வைக்கலாம்.

அடுத்தது இணைப்புச் சொல் அட்டைகள். ‘முதலில், பிறகு, அடுத்ததாக, இறுதியாக’ என்று கோத்துச் சொல்லப் பழக்குகிறது கையேடு. வேறு ஏதோ மொழிக் கையேட்டைப் பெயர்த்த வாசனை அடிக்கிறது. தமிழில் யாரும் கதையை அப்படிக் கோப்பதில்லை. நம் மொழி வினையெச்சத்தால் கோக்கிறது: பறந்து போய், பார்த்து, கல்லை எடுத்துட்டு வந்து, போட்டுச்சு. ஐந்து வயதுப் பிள்ளை “போச்சு. அப்பறம் பார்த்துச்சு. அப்பறம் எடுத்துச்சு” என்று சொல்வது இயல்பு, அதைத் தப்பு என்று நிறுத்த வேண்டியதில்லை. ஆசிரியர் “ஓ, போய்ப் பார்த்துச்சா! பார்த்துட்டு?” என்று அதே செய்தியை எச்சமாக மாற்றித் திருப்பிக் கொடுத்தால் போதும். சில வாரங்களில் பிள்ளையின் வாயிலும் ‘போய்ப் பார்த்து’ வந்துவிடும். இந்த 8 அட்டைகளையும் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, பின்பக்கத்தை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

கையேடு தொடாத, ஆனால் தமிழ் வகுப்பில் தினமும் வருகிற சிக்கல் ஒன்று உண்டு. ‘அது’. குரங்கும் முதலையும் கதையை ஒரு பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்: “அது அதுகிட்ட சொல்லுச்சு, அது சரின்னு அது முதுகுல ஏறிக்கிச்சு.” யார் யாரிடம் சொன்னது? சொல்கிற பிள்ளைக்குத் தெரியும், கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. இரண்டுமே விலங்கு, இரண்டுக்கும் ஒரே ‘அது’, வினையிலும் வேறுபாடு இல்லை. இதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று திட்டக் கூடாது. நம் மொழியின் அமைப்பு அப்படி. அதனால் தொடக்கத்தில் ஒரு மனிதரும் ஒரு விலங்கும் வருகிற கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டிக்கு ‘அவங்க’, காக்காவுக்கு ‘அது’. குழப்பமே வராது (நரி வந்த பிறகு வரும், அப்போது காக்கா மரத்தின் மேல், நரி கீழே என்று கையால் காட்டச் சொல்லுங்கள்). இரண்டு விலங்குக் கதைக்குப் போகும்போது ‘குரங்கண்ணன்’, ‘முதலை மாமா’ என்று உறவுமுறை சேர்த்துவிட்டால் பிள்ளைகள் பெயரை விடாமல் சொல்வார்கள்.

விரல் பொம்மை இந்த இடத்தில் உதவியிருக்க வேண்டும். வலது கையில் குரங்கு, இடது கையில் முதலை, பேசுகிற பொம்மையை மட்டும் ஆட்டுவது என்று வைத்தால் ‘அது’ பிரச்சினை பாதியாகக் குறையும். ஆனால் பெட்டியில் உள்ள பொம்மைகள் பெரியவர்கள் விரலுக்குத் தைத்தவை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலில் நிற்காமல் கதை நடுவே விழும்; பிள்ளை குனிந்து எடுக்கும்; கதை அங்கேயே போச்சு. பின்பக்கம் ஒரு தையல் போட்டுச் சுருக்கலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஐஸ் குச்சியில் படம் வெட்டி ஒட்டலாம். தென்னை ஈர்க்குச்சி இந்த ஊரில் இலவசம்தான், ஆனால் முனை கண்ணில் குத்தும். இரண்டு மூன்றைச் சேர்த்து நூல் சுற்றி, நுனியை மடக்கி டேப் ஒட்டாமல் கொடுக்காதீர்கள்.

இனி கதைகள். பத்தில் நாலு தேறும்.

பாட்டி-வடை முதல் தரம். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதே அதன் பலம். என்ன நடந்தது என்று நினைவில் தேடாமல், எப்படிச் சொல்வது என்பதில் பிள்ளையின் கவனம் போகும். கையேட்டில் ‘பாட்டி’ என்றுதான் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாயி என்பார்கள், அப்பத்தா, அம்மாச்சி என்பார்கள். வீட்டில் எப்படியோ அப்படியே சொல்லட்டும்.

தாகம் கொண்ட காக்கா கதையில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டெல்டாப் பிள்ளை கேட்கும் கேள்வி: “வாய்க்கால்ல போய்த் தண்ணி குடிக்க வேண்டியதுதானே?” சம்பா நிற்கிற மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், அந்தக் காக்காவுக்கு எதற்குத் தாகம்? மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். அணை மூடியதற்கும் திறப்பதற்கும் நடுவே, சித்திரை வெயிலில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடக்கும் காலத்தில் கதையை வையுங்கள். “மேட்டூர்ல இன்னும் தண்ணி தெறக்கல” என்று தொடங்கினால் பிரச்சினை பிள்ளைக்கே விளங்கிவிடும்.

இன்னொன்று, பெரும்பாலான பிள்ளைகள் “கல்லப் போட்டுச்சு, தண்ணி குடிச்சுச்சு” என்று தாண்டிவிடுவார்கள். நடுவில் உள்ள காரணம், தண்ணீர் மேலே வந்தது, விடுபட்டுப்போகும். கண்ணால் பார்க்காததைப் பிள்ளை சொல்லாது. நேராக உயரமாக இருக்கும் கண்ணாடி டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றிக் கோலிக்குண்டைப் போட்டுக் காட்டுங்கள். (இந்த வண்டல் மண்ணில் கல்லுக்கு எங்கே போவது, கட்டட வேலை நடக்கும் இடத்து ஜல்லி கையைக் கிழிக்கும்.) பாதி என்பது முக்கியம். உருண்டைகளுக்கு நடுவே ஏறக்குறைய 40 சதவீதம் இடைவெளி இருக்கும். கால் டம்ளர் தண்ணீர்தான் ஊற்றினீர்கள் என்றால் அவ்வளவும் அந்த இடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். குண்டு மேலே, தண்ணீர் கீழே. வகுப்பு முழுக்கச் சிரிக்கும், காக்கா தாகத்தோடு பறந்து போகும். அரை டம்ளர் ஊற்றினால் குண்டு விளிம்பை எட்டுவதற்கு முன்பே தண்ணீர் எட்டிவிடும். பார்த்த பிள்ளை அடுத்த முறை “தண்ணி மேல மேல வந்துச்சு” என்பதை விடாது.

புறாவும் எறும்பும், முயலும் ஆமையும் பரவாயில்லை. சிங்கமும் முயலும் நல்ல கதைதான், ஆனால் பேச்சு அதிகம், ஏமாற்று என்பது மனசுக்குள் நடக்கிறது, படத்தில் வராது. மூன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரங்கும் முதலையும் கதைக்கும் இதே குறைதான். பன்றிக்குட்டி, கரடி வீடு, ரொட்டிப் பொம்மை என்று வெளிநாட்டுக் கதைகள் மூன்று. புகைபோக்கி, கூழ்க் கிண்ணம், பனி என்று ஒவ்வொரு அட்டைக்கும் விளக்கம் சொல்லியே மணி அடித்துவிடும். பத்தாவது, ஒரு பையன் காலையில் எழுந்து பல் தேய்த்துக் குளித்துப் பள்ளிக்குப் போவது. இது கதையே இல்லை. யாருக்கும் எந்தச் சிக்கலும் வரவில்லை, எதற்காகவும் முயலவில்லை. அடுக்கப் பழக உதவும். திருப்பிச் சொல்ல வைத்தால் பட்டியல்தான் வரும்.

பெட்டியில் இருந்திருக்க வேண்டிய இரண்டு கதைகள் இல்லை. ஈ தன் பெயரை மறந்துபோய்க் கன்றுக்குட்டி, தாய்ப்பசு, மேய்ப்பவர், கோல், மரம், கொக்கு, குளம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் போகும் கதை. ஒவ்வொரு படியிலும் பழைய வரி முழுவதும் திரும்ப வருவதால் சொல்பவரின் நினைவுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. வாயே திறக்காத பிள்ளைகூடக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லிவிடும். இன்னொன்று, கொழுக்கட்டை என்ற சொல்லை மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே நடந்தவன் வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று குதித்து, சொல்லை அங்கேயே விட்டுவிட்ட கதை. வாய்க்கால் தாண்டாத பிள்ளை இந்தப் பக்கம் உண்டா? பழைய முடிவில் அவன் மனைவியை அடிப்பதாக வரும். அதை விட்டுவிட்டு, அவள் இலையில் கொழுக்கட்டையை வைத்ததும் சொல் நினைவுக்கு வருவதாக முடித்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் படம் நீங்களே வரையலாம், கோட்டுப்படம் போதும்.

கையேட்டில் உள்ள கதை வாசகங்கள் எல்லாம் எழுத்துத் தமிழ். “காகம் தாகத்தால் வாடியது” என்று ஆசிரியர் படித்தால் பிள்ளை அதை அப்படியே ஒப்பிக்கும். ஒப்பிப்பதும் திருப்பிச் சொல்வதும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், வேறு வேறு. கண்டுபிடிக்க எளிய வழி: நடுவில் நிறுத்தி “அந்தப் பானை எங்க இருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது கதை சொல்கிறது. விழித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினால் மனப்பாடம். எனவே ஆசிரியரும் பேச்சுத் தமிழில்தான் சொல்ல வேண்டும், இரண்டு முறை சொன்னால் இரண்டு முறையும் சொற்கள் சற்று மாறியிருக்க வேண்டும். எழுத்துத் தமிழ் எழுதும்போது வரட்டும்.

ஒரு கதைக்கு ஒரு வாரம் கொடுங்கள். முதல் நாள் அட்டையே வெளியே வரக் கூடாது. ஆசிரியர் சொல்வார், பிள்ளைகள் உம் கொட்டுவார்கள். உம் கொட்டுவது சும்மா இல்லை, எந்த இடத்தில் வாக்கியம் முடிகிறது என்று காது பழகுகிறது. இரண்டாம் நாள் அட்டை அடுக்குதல், ஆறையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் முதலில் மூன்று: தொடக்கம், சிக்கல், முடிவு. பிறகு நடுவில் மூன்றைச் செருகச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கவிழ்த்த அட்டை. நாலாம் நாள் இருவர் இருவராக, ஒருவர் சொல்ல ஒருவர் உம் கொட்ட. 20 பேர் வகுப்பில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக ஒவ்வொருவராக எழுப்பிச் சொல்லச் சொன்னால் மூன்றாவது பிள்ளைக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள்தான் உண்மையான சோதனை. கதை தெரியாத ஒருவரிடம் சொல்ல வேண்டும். ஆசிரியரிடம் சொல்லும்போது பிள்ளை பாதியை விழுங்கிவிடும், “அதான் டீச்சருக்குத் தெரியுமே.” பக்கத்து வகுப்புப் பிள்ளை, சத்துணவுச் சமையல் அக்கா, வீட்டில் தாத்தா, யாராவது. கேட்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: புரியாத இடத்தில் “யாரு?”, “ஏன்?” என்று மட்டும் கேட்க வேண்டும், கதையைத் தானே முடித்துவைக்கக் கூடாது.

திருப்பிச் சொல்வதற்கு இவ்வளவு நேரமா என்று சலிப்பவர்களுக்கு: அமெரிக்காவில் லெஸ்லி மாரோ 1985-ல் வெளியிட்ட ஆய்வு மழலையர் வகுப்புகளில் திருப்பிச் சொல்வதைத்தான் பார்த்தது. வழிகாட்டலோடு கதைகளைத் திருப்பிச் சொல்லிப் பழகிய குழந்தைகள் புரிதலிலும் கதை அமைப்பிலும் பேச்சிலும் முன்னேறினார்கள்.

மதிப்பிட, கையேட்டில் பத்து மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. உச்சரிப்புக்கு மூன்று, குரலுக்கு இரண்டு என்று. மேடைப் பேச்சுப் போட்டிக்கு ஆகும். அதற்குப் பதில் பெயர்ப் பட்டியலில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார்-எங்கே, சிக்கல், முயற்சி, முடிவு, ஏன். சொன்னால் டிக், கேட்டபின் சொன்னால் புள்ளி, இல்லையென்றால் காலி. ஒன்றாம் வகுப்பில் ‘ஏன்’ கட்டம் காலியாக இருப்பது கவலைக்குரியது இல்லை. மூன்றாம் வகுப்பில் காலியாக இருந்தால் கவனியுங்கள். 2022-ல் வந்த, தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளோடு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள்; எழுத்துக் கூட்டத் திணறும் அரும்பு நிலைப் பிள்ளை வகுப்பிலேயே நன்றாகக் கதை சொல்பவராக இருப்பது சாதாரணம். இருவர் இருவராகப் பிரிக்கும்போது நிலை கலந்து பிரியுங்கள்.

பெட்டி மழைக்குத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் லேமினேஷன் ஓரம் பிரிந்து அட்டை சுருளும், ஒன்றோடொன்று ஒட்டும். காரணம், அட்டையின் விளிம்போடு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அட்டையைத் தாண்டி 3 மில்லிமீட்டராவது நீண்டிருந்தால் ஈரம் ஏறாது. ஓரங்களில் அகலமான டேப் மடித்து ஒட்டி, அட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் முகப்பவுடர் தூவி, பீரோவில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், கோடையில் இளகி அட்டையில் அப்பிக்கொள்ளும். பாவாடை நாடா நல்லது.

650 ரூபாய் இல்லாத பள்ளிக்கு மாற்று உண்டு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம்; பி.டி.எஃப் ஆக இறக்கலாம், அச்சடித்துக்கொள்ள உரிமமும் இருக்கிறது. முதல் நிலைக் கதைகளில் ஆறு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கலர் பிரின்ட் போட்டு, எழுத்து இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு அட்டையில் ஒட்டினால் எண் மூலையில் இல்லாத அட்டை தயார். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்பதால் தமிழ் நடை கதைக்குக் கதை மாறும். படத்தை எடுத்துக்கொண்டு வாசகத்தை நீங்களே சொல்லுங்கள். கலர் பிரின்டும் லேமினேஷனும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நாலு கதைக்கே பெட்டியின் விலை நெருங்கிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கருப்பு வெள்ளையில் போட்டுப் பிள்ளைகளையே வண்ணம் தீட்டச் சொன்னால் கால்வாசிதான்.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே பெட்டியைப் பிரித்து 60 அட்டையையும் எண்ணுங்கள். எந்தக் கதையில் ஆறு இருக்கிறது, எதில் ஐந்து என்று பாருங்கள். ஒரே அட்டை இரண்டு முறை வந்திருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், முடிவு அட்டை மட்டும் இருக்காது.